அம்மாவை விசாரித்த அன்று

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கடையில் என்னோடு வேலை செய்த பெண்கள் என்னை வற்புறுத்திப் பதுளையில் ஒரு படத்துக்குக் கூட்டிப் போனார்கள். கொலை, துப்பு, துரத்தல் என்று ஓடிய படம். அதில் ஓர் இடம் வருகிறது. குற்றவாளி என்று தேடப்படுகிறவனின் தாய் எப்போதோ அவனை விட்டுப் பிரிந்து போனவள். இன்ஸ்பெக்டர் அவளைத் தேடி வருகிறார். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். "அம்மா, உங்க மகனைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்கிறார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். வயலின் இழைகிறது. எனக்கு இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன். தொப்பியைக் கழற்றுகிற போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை. நான் பார்த்தவர் உட்காரக்கூட இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏனென்றால் எங்கள் அம்மாவைப் போலீஸ் விசாரித்தபோது கேள்வி கேட்டது என் வாய். பதில் சொன்னதும் என் வாய்தான்.

எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அம்மா வீட்டை விட்டுப் போனாள். அண்ணனுக்குப் பதினான்கு. அப்பா குடிகாரர் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. அம்மாவுக்கு வேறொரு மனிதரைப் பிடித்திருந்தது, போனாள். அவ்வளவுதான். ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நின்ற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதை அவ்வளவோடு விடவில்லை. தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அப்பா ஒரே ஒரு தடவைதான் எங்களிடம் பேசினார். "அவ எங்க போனான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் வேணாம். இனிமே இந்தக் காம்பராவுல அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது." நாங்கள் எடுக்கவில்லை. எட்டு வருஷம் எடுக்கவில்லை.

பத்தொன்பது வயதில் நான் பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலைக்கு இருந்தேன். வாரம் முழுக்க அவர் வீட்டின் பின்னறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் வருவேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்கள். துணியைக் கிழித்துக் கொடுத்துக் கொடுத்தே அந்தப் பாஷை எனக்கு வந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அது மாவுக்கும் அரிசிக்கும் ஆலாய்ப் பறந்த காலம். தோட்டத்தில் ஆட்கள் மரவள்ளி இலையை அவித்துத் தின்றார்கள். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் மாவு அளந்து கொடுத்த கிளாக்கர் அளவில் குறைக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் திறந்தான். ஒரு சனிக்கிழமை, வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் முன்னால், "இந்தப் பூட்ட ஒடைச்சாத்தான் எங்க பங்கு மாவு எங்களுக்குக் கெடைக்கும்" என்று கத்தினான். அடுத்த வாரம் ஒரு காலையில் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே மாவு மூட்டைகள் இல்லை. ஸ்டோர்க் காவல்காரர் தலை பிளந்து, பேச்சு மூச்சில்லாமல் படியில் கிடந்தார். அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது, பேச்சு வரவில்லை. அன்று பகலுக்குள் அண்ணனைக் காணவில்லை. பயத்தில் ஓடிவிட்டான். ஓடியதே போலீசுக்குப் போதுமானதாக இருந்தது.

போலீஸ் முதலில் அப்பாவிடம் போயிற்று. அப்போது நான் அங்கே இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா பிறகு சொன்னாள். மகன் எங்கே என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதுங்க. அவனோட அம்மாகிட்டக் கேளுங்க, அந்த ரத்தந்தான அது" என்றாராம். எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்களாம். பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தின் பெயர், டிவிஷன், எத்தனையாவது லயம், எத்தனையாவது காம்பரா, அந்த மனிதர் இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இப்போது அவள் தனியாக இருக்கிறாள் என்பது வரை அப்பா ஒப்பித்திருக்கிறார். எட்டு வருஷம் எங்களிடம் தெரியாது என்று சொன்ன அதே வாய். கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "அவளுக்குச் சிங்களம் தெரியாதுங்க. டவுன்ல துணிக்கடையில எம் பொண்ணு இருக்கு, அதக் கூட்டிக்கிட்டுப் போங்க."

போலீஸ் சார்ஜன் கடை வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, என்னைக் காட்டி, பூனாகலையில் இருக்கும் இவள் அம்மாவை விசாரிக்க இவள் வர வேண்டும் என்றார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து குறுக்கே நின்றார். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று சிங்களத்தில் கேட்டார். சார்ஜன் என்னைப் பார்த்து ஜீப்பைக் காட்டினார். முதலாளி என்னிடம் திரும்பி, "அஞ்சு மணிக்குள்ள வராட்டி நானே ஸ்டேஷனுக்கு வருவன். நீ பயப்படாம போ புள்ள" என்றார். அந்த ஒரு மாதத்தில் எங்களுக்காகக் குறுக்கே நின்ற மனிதர் அவர் ஒருவர்தான்.

பண்டாரவளை தாண்டி ஜீப் பூனாகலை ரோட்டில் ஏறியது. அம்மா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவந்ததே அன்று காலையில், ஒரு போலீஸ்காரர் சொல்லித்தான்.

லயத்தில் ஆள் இல்லை, எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். கங்காணி ஒருவர் போய் அம்மாவை அழைத்து வந்தார். கொழுந்துக் கூடை முதுகில், இடுப்பில் படங்குச் சாக்கு, கையெல்லாம் கறை. நான் நினைத்திருந்ததைவிடக் குட்டையாக இருந்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். நான் செருப்புப் போட்டிருந்தேன். அதைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

"உன் மகன் கடைசியாக எப்போது இங்கே வந்தான்? கேள்" என்றார் சார்ஜன். அவர் பேசிய சிங்களம் கடையில் நான் கேட்டுப் பழகியது இல்லை. மாட்டை விரட்டுகிறபோது பேசுவது. அதை நான், "உங்க மகன் கடைசியா எப்ப வந்தாரு?" என்று மாற்றினேன். பெற்ற தாயை நான் 'நீங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மரியாதைக்காக அப்படிச் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். 'நீ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வரவே இல்லைங்க. எட்டு வருசமா மொகமே பாக்கலைங்க" என்றாள் அம்மா, சார்ஜனைப் பார்த்து.

நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொடியில் காய்ந்த சட்டை கண்ணில் பட்டது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை. பையில் கட்டம் குறுக்காகப் போயிருந்தது. மிச்சத் துணி போதாமல், கடை வாசல் டெய்லரிடம் நான்தான் குறுக்காக வெட்டி வைக்கச் சொன்னேன். போன தீபாவளிக்கு அண்ணனுக்கு நான் தைத்துக் கொடுத்தது. அது இன்னும் ஈரமாக இருந்தது.

அவன் இங்கே வந்திருக்கிறான். எனக்குத் தெரியாமல் வந்திருக்கிறான்.

சார்ஜனும் அதைப் பார்த்துவிட்டார். பிரம்பால் சட்டையைத் தொட்டு, "இது யாருடையது?" என்றார்.

"செத்துப்போன மனுசனோடதுங்க."

"செத்தவன் சட்டையை ஏன் துவைத்தாய்?"

அம்மா முதுகுக் கூடையை இறக்கி வைத்தாள். நான் கேள்வியை இரண்டாம் தடவை சொல்லவில்லை. "மலைக்குப் போகும்போது குளிருக்கு மேலே போட்டுக்கொள்வாளாம்" என்று நானே சிங்களத்தில் சொன்னேன். தோட்டத்தில் பெண்கள் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வதுண்டு. சார்ஜன் என் முகத்தையே பார்த்தார். "உன் அண்ணனுடையது இல்லையே?"

"இல்லை."

அப்போது அம்மா பேசினாள். கேள்விக்குப் பதில் சொல்கிறவள் மாதிரி, சார்ஜன் முகத்தைப் பார்த்து, ஒரே சீராகப் பேசினாள். "பாப்பா, அவன் முந்தாநேத்து வரைக்கும் இங்கதான் இருந்தான். இப்ப மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கான். எட்டு வருசமா மாசம் ஒருக்கா வந்து என்னையப் பாத்துட்டுத்தான் போவான். அவன் அந்த வேலையச் செய்யல. நீ இந்தாளுகிட்ட என்னா வேணும்னாலும் சொல்லிக்க."

"இவ்வளவு நீளமாக என்ன சொல்கிறாள்?"

நான் சொன்னேன். எனக்கே தெரியாமல் கொட்டியது. "தனக்கு மகனே இல்லை என்கிறாள். இரண்டு பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு இன்னொருவனோடு போன பொம்பளையைத் தேடி எந்தப் பிள்ளை வரும் என்று கேட்கிறாள். அவளுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததே இல்லையாம். அவன் செத்தானா பிழைத்தானா என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லையாம்."

சார்ஜன் சிரித்தார். "அது சரிதான்" என்றார்.

அண்ணனைக் காப்பாற்ற நான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. எட்டு வருஷமாக அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்ல நினைத்ததை, அவளுக்குப் புரியாத பாஷையில், அவள் முன்னால் நின்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் அவளுக்கு உதவுவதாக நினைத்து.

பிறகு சார்ஜன் காம்பராவுக்குள் போய்த் துழாவினார். பானைகளைப் புரட்டினார். மாவு டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தார். "இது எங்கிருந்து வந்தது?" ரேஷன் கூப்பனுக்குக் கொடுத்த மாவு, அந்த வாரத்துக்கானது. இரண்டு சுண்டு இருந்தால் அதிகம். திருட்டு மூட்டை மாவு ஒரு டின்னுக்குள் வந்து உட்காருமா? அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே டின்னைக் கவிழ்த்தார். சாணி மெழுகிய தரையில் மாவு கொட்டியது. அதன் மேல் நடந்து ஜீப்புக்குப் போனார்.

அம்மா மண்டியிட்டு, மண் படாத மேல் மாவை மட்டும் உள்ளங்கையால் வழித்து வழித்து டின்னில் போட்டாள். நான் குனியவில்லை. அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல் இருந்தது. அம்மாவின் கையைத் தட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் செருப்புக் காலோடு நின்றேன்.

"சாப்பிட்டியா?" என்றாள், நிமிராமல்.

"இப்போது என்ன கேட்கிறாள்?" என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

திரும்பும்போது சார்ஜன், நான் நன்றாகச் சிங்களம் பேசுகிறேன் என்று பாராட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "அவ எப்படி இருக்கா?" மகனைப் பற்றி இல்லை.

நான் அதுவரை கட்டி வைத்திருந்தது எல்லாம் உடைந்தது. "நல்லாத்தான் இருக்கா! அண்ணன் மாசா மாசம் அவகிட்டப் போய் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு! இப்பவும் அவதான் மொனராகலைக்குக் கரும்பு வெட்ட அனுப்பி வச்சிருக்கா! ஒனக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் இங்க பைத்தியக்காரி!" அக்கம்பக்கத்துக் கதவுகள் திறக்கும்வரை கத்தினேன். அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டிய அப்பா, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனுக்கு வந்து, போலீஸ் ஸ்டேஷன் படி ஏறி, மொனராகலை என்று சொன்னார். "ஓடி ஒளிஞ்சா குத்தவாளின்னுதான சொல்லுவாங்க. அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று பிறகு என்னிடம் விளக்கினார். மகன் மேல் இருந்த அக்கறையா, அம்மாவிடம் அவன் போய் வந்ததன் ஆத்திரமா என்று நான் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அண்ணனை இரண்டாம் நாள் கொண்டுவந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஸ்டேஷனைக் கடந்து போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். எதிர்க்கடைக்காரர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள்.

முதலாளிதான் வந்து சொன்னார். "ஒங்கட அம்மா ஸ்டேஷனுக்கு முன்னுக்கு வெயில்ல குந்தி இருக்கா. போய்ப் பாரு புள்ள." பூனாகலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸுக்குப் போய், மறுநாள் மறுபடி வந்து, மதகுக் கட்டையில் அவள் உட்கார்ந்திருப்பது மூன்றாவது நாளாம். நான் ஒரு சோற்றுப் பார்சலோடு போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். சார்ஜன் இல்லை, மொழிபெயர்க்க எதுவும் இல்லை. நேராகக் கேட்டேன்.

"ஏன் என்னையக் கூட்டிக்கிட்டுப் போகல?"

அவள் யோசிக்கவே இல்லை. "அந்த மனுசன் புள்ளைங்க வேணாம்னாரு. நான் சரின்னுட்டேன்."

"அப்ப அண்ணன் மட்டும்?"

"அவன் தேடிக்கிட்டு வந்தான். நீ வரல."

"எனக்குப் பதினொரு வயசு! எந்த ரோடு எங்க போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் தேடி வரணுமா? நீ வரக் கூடாதா?" ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் கையைக் காட்டி அதட்டினார்.

"தெரியாதுதான்" என்றாள் அம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை அவளுக்கு.

அந்தக் கோபத்தோடுதான் சொன்னேன். அவளுக்கு வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். "அண்ணன் மொனராகலையில இருக்குன்னு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்."

பளார் என்று ஒரு அறை விழுந்தது. கொழுந்துக் கறை ஏறிய, மரம் போன்ற கை. எட்டு வருஷத்துக்குப் பிறகு அம்மா என்னைத் தொட்டது அப்படித்தான். நான் எழுந்து போகவில்லை. அவளும் தள்ளி உட்காரவில்லை. சோற்றை இருவரும் தொடவில்லை. கடைசி பஸ் வரும்வரை அங்கேயே இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் காவல்காரருக்குப் பேச்சு திரும்ப மேலும் சில நாட்கள் ஆயின. தன்னை அடித்தவனை அவர் பார்த்திருக்கிறார். ஸ்டோர்க் கிளாக்கரின் மச்சான். மூட்டைகள் எந்த லொறியில் போயின என்பதும் அதன் பிறகு தானாக வெளியே வந்தது. கிளாக்கரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். மாற்றினார்கள், அவ்வளவுதான். அண்ணனைப் பின்வாசல் வழியாக விட்டார்கள். சிங்களத்தில் எழுதியிருந்த, அவனால் வாசிக்க முடியாத ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அவனுடைய இடது காது கேட்காமல் போய்விட்டிருந்தது. மன்னிப்பு என்று யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சார்ஜன் அடுத்த மாதம் மனைவிக்குச் சேலைத் துணி பார்க்கக் கடைக்கு வந்தார். என்னைக் கண்டு புன்னகைத்தார். நான் அளக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். முதலாளியே அளந்து கொடுத்தார்.

இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பெயர் பதிந்திருந்த தோட்டத்து ஆட்களுக்குப் பாஸ்போர்ட் வந்துகொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கு வந்தது. அண்ணனுக்கும் வந்தது. அவன் அம்மாவோடு சேர்ந்து மனுப் போட்டிருந்தான் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் எனக்குக் கடைசியில்தான் தெரியவரும்.

பதுளை ரயில் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். அப்பா வரவில்லை. பெட்டிகளும் சாக்குகளும் அழுகையுமாக மேடை நிறைந்திருந்தது. நான் அண்ணனிடம் பேச ஆரம்பித்ததும், "அந்தப் பக்கம் கேக்காது, இந்தப் பக்கம் வந்து பேசு" என்றான். சுற்றி வந்து வலது பக்கம் நின்று, நான்தான் அப்பாவிடம் சொன்னேன் என்று சொன்னேன்.

"அம்மா சொல்லுச்சு" என்றான்.

"என்னைய ஏசு. ஏதாச்சும் சொல்லு."

"என்னாத்த சொல்றது? அப்பாவப் பாத்துக்க."

எனக்கு அதுவும் ஆத்திரமாக வந்தது. என்னை ஏசுகிற பாத்தியதையைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவை என் தலையில் கட்டிவிட்டு ரயில் ஏறினான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டினாள். நான் பிடித்தேனா என்று கேட்டால், பிடித்தேன். ரயில் நகரும் வரைக்கும் பிடித்திருந்தேன். மன்னித்தேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.

அப்பா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். கடைசிப் பத்து வருஷமும் டவுனில் என்னோடுதான் இருந்தார். சோறு போட்டேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். திருச்சிப் பக்கத்திலிருந்து அண்ணனின் கடிதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும். அம்மா சொல்லச் சொல்ல அவன் எழுதியது கடைசி நாலு வரியில் இருக்கும். கடைக்கு வரும்படி விலாசம் கொடுத்திருந்தேன். அங்கேயே வாசித்து அங்கேயே வைத்துவிடுவேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா கேட்பார். "கடுதாசி ஏதும் வந்துச்சா?"

"இல்ல" என்பேன்.

எங்களிடம் அவர் சொன்ன 'தெரியாது' எட்டு வருஷம். நான் சொன்ன 'இல்ல' அதைவிடக் கூடுதல். அவர் செத்த பிறகு, ஒரு கடிதத்தையாவது வாசித்துக் காட்டியிருக்கலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அதற்காக நான் வருந்த வேண்டும் என்று இன்றைக்கும் சிலர் எதிர்பார்க்கிறார்கள். நான் வருந்தவில்லை.